பிஎம்பி தேர்வும் பாயான் லெப்பாஸ் கூட்ட அறையும்

பினாங்கு, பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் வேலை செய்பவர்களுக்குத் திட்ட மேலாண்மைச் சொற்கள் புதியவை அல்ல. ரிஸ்க், மைல்ஸ்டோன், ஸ்கோப், கிரிட்டிக்கல் பாத் எல்லாம் காலைக் கூட்டத்தில் கல்யாண வீட்டுப் பன்னீரைப்போல் எல்லார் மேலும் தெளிக்கப்படும். ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் திட்ட ஒருங்கிணைப்பாளராக இருக்கும் நானும் அவற்றைக் கேட்டும் சொல்லியும் பழகியவள்தான். பிஎம்பி என்ற திட்ட மேலாளர் சான்றிதழுக்குப் படிக்க உட்கார்ந்த பிறகுதான், ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு கணக்கு அல்லது ஒரு பொறுப்பு இருப்பது பிடிபட்டது. இது யாருடைய முடிவு, யாருடைய பணம், யாருடைய நாள்? தேர்வுக்குத் தயாராகும் நம்மவர்களுக்குப் பயன்படட்டும் என்று நான் கடந்து வந்ததை எழுதுகிறேன்.

முதலில் விண்ணப்பம். 1969இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட பிஎம்ஐ என்ற திட்ட மேலாண்மை அமைப்பு வழங்கும் சான்றிதழ் இது. நான் விண்ணப்பித்தபோது, பட்டதாரி என்றால் அதற்கு முந்தைய 8 ஆண்டுகளுக்குள் 36 மாத காலம் திட்டங்களை முன்னின்று நடத்தியிருக்க வேண்டும் என்பது விதி. அதோடு 35 மணி நேரப் பயிற்சியும் முடித்திருக்க வேண்டும். பயிற்சிக் கட்டணத்தை என் நிறுவனம் எச்ஆர்டி கார்ப் லெவியிலிருந்து, அதாவது ஊழியர் பயிற்சிக்காக முதலாளிகள் கட்டும் நிதியிலிருந்து, கட்டியது. மலேசியாவில் இருப்பவர்கள் பணம் கட்டுவதற்கு முன் மனிதவளப் பிரிவில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். சொந்தப் பணத்தைக் கட்டிவிட்டு வயிறெரிந்தவர்களை எனக்குத் தெரியும்.

பெயர் எழுதும் இடத்தில் நமக்கென்றே ஒரு சிக்கல் காத்திருக்கிறது. என் மைகார்டில், அதாவது மலேசிய அடையாள அட்டையில், என் பெயர், பிறகு 'மகள்' என்பதைக் குறிக்கும் 'ஏ/பி', பிறகு அப்பா பெயர். படிவமோ முதல் பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டங்களைக் காட்டியது. தேர்வு நாளன்று அடையாள ஆவணத்தில் இருப்பதும் பதிவில் இருப்பதும் பொருந்தாவிட்டால் உள்ளே விடமாட்டார்கள். நான் உதவிப் பிரிவுக்கு மின்னஞ்சல் அனுப்பி, மைகார்டின் படத்தையும் இணைத்து, எதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று எழுத்தில் பதில் வாங்கி வைத்துக்கொண்டேன். தேதி குறிப்பதற்கு முன்பே இதை முடித்துவிடுவது நல்லது.

விண்ணப்பங்களில் சிலவற்றைத் தணிக்கைக்கு எடுப்பார்கள். என்னுடையதும் அதில் மாட்டியது. 90 நாள் அவகாசம் தருகிறார்கள். பட்டச் சான்றிதழின் நகலும், படிவத்தில் எழுதிய திட்டங்களை அறிந்த மேலாளரின் உறுதிமொழியும் வேண்டும். என் பழைய மேலாளர் சிங்கப்பூருக்கு மாறிப் போயிருந்தார். வாட்ஸ்அப்பில் தேடிப் பிடித்தேன்; அவர் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். திட்ட விவரத்தில் 'உதவினேன்', 'கலந்துகொண்டேன்' என்றெல்லாம் அடக்கமாக எழுதினால் எடுபடாது. நோக்கம் என்ன, நீங்கள் எடுத்த பொறுப்பு என்ன, முடிவில் கையில் வந்தது என்ன என்று எழுத வேண்டும். தன்னைப் பற்றிப் பேசக் கூச்சப்படும் பெண்களுக்கு இது ஒரு நல்ல பயிற்சி என்று தனியாகச் சொல்லத் தோன்றுகிறது.

படிப்புக்கு எனக்குத் துணை, கட்டுமானத் துறையில் ஓய்வுபெற்ற ஓர் அண்ணன். வேலை முடிந்து பாயான் பாருவில் ஒரு மாமாக் உணவுக்கடையில் சந்திப்போம். தே தாரிக் என்ற ஆற்றிய தேநீர் வருவதற்குள் தாளை எடுத்து வைத்துவிடுவார். "ஏம்மா, விளக்கத்தை மனப்பாடம் செய்யாதே, உன் தொழிற்சாலையில் நடப்பதைச் சொல்" என்பார். அப்போது நாங்கள் ஒரு பரிசோதனைப் பிரிவை வேறு கட்டடத்துக்கு மாற்றிக்கொண்டிருந்தோம். அதையே வரையச் சொன்னார்.

தரைக்கு எப்பாக்ஸி பூச்சு 8 நாள். இயந்திரங்களை இறக்கிப் பொருத்த 5 நாள். கேலிப்ரேஷன், அதாவது இயந்திரங்களின் அளவீட்டைச் சரிபார்த்துத் திருத்துவது, 6 நாள். வாடிக்கையாளர் வந்து பார்த்து ஒப்புதல் தர 3 நாள். மொத்தம் 22. இதற்கு இணையாக முதல் நாளே தொடங்கும் வேலை, கூரைக்குக் கீழே அழுத்தக் காற்றுக் குழாய் இழுப்பது: 9 நாள். கேலிப்ரேஷனுக்குக் காற்று வேண்டும். ஆனால் இயந்திரங்களைப் பொருத்தி முடிக்கவே 13 நாள் ஆகும். ஆக, குழாய் வேலைக்கு 4 நாள் தாராளம் இருக்கிறது. அதுதான் ஃப்ளோட். தரையிலிருந்து ஒப்புதல் வரை போகும் தொடரில் ஒரு நாள்கூடத் தாராளம் கிடையாது. அதுதான் கிரிட்டிக்கல் பாத். 1950களின் பிற்பகுதியில் டுபாண்ட் நிறுவனம் தன் ஆலைப் பணிகளுக்காக ரெமிங்டன் ராண்டுடன் சேர்ந்து உருவாக்கிய கணக்கு இது.

தாளைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் கூட்டங்களில் திட்டு வாங்கிக்கொண்டிருந்தவர் குழாய்க் குத்தகையாளர். இரண்டு நாள் தாமதம் என்று அவரைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தார்கள். எப்பாக்ஸி ஆள் மழை, ஈரப்பதம் என்று ஒரு நாள் கேட்டபோது, "பரவாயில்லை, தரம்தான் முக்கியம்" என்று அந்த அறையே தலையாட்டியது. முடிவு தேதியைத் தள்ளியது அந்த ஒரு நாள்தான். "இரண்டு நாள் தாமதித்தவர் தன் தாராளத்தைச் செலவழித்தார், ஒரு நாள் கேட்டவர் உன் வாடிக்கையாளரின் நாளைச் செலவழித்தார்" என்றார் அண்ணன். அதற்காகக் குழாய்க்காரரைக் கண்டுகொள்ளாமல் விடவும் முடியாது. 4 நாளையும் தின்றுவிட்டால் அவருடைய தொடரும் கிரிட்டிக்கல் ஆகிவிடும்.

ரிஸ்க் என்ற தலைப்பில் எங்கள் பட்டியல் நீளமானது. எல்லாவற்றையும் அதில் கொட்டியிருந்தோம். சீனப் புத்தாண்டும் அதில் இருந்தது. தேதி நாள்காட்டியில் அச்சாகியிருக்கும்போது அது ரிஸ்க் ஆகாது. அது ஒரு கட்டுப்பாடு, அதைச் சுற்றித்தான் அட்டவணை போட வேண்டும். விடுமுறைக்கு ஊர் போன ஆட்கள் குறித்த நாளில் திரும்பாமல் போகலாம் என்பது ரிஸ்க். அதற்கு இப்போதே ஒரு பொறுப்பாளரையும் மாற்று ஏற்பாட்டையும் எழுதி வைக்கலாம். இன்று காலை ஆள் வரவில்லை என்பது இஷ்யூ. அதைப் பற்றிப் பட்டியல் போட நேரமில்லை, தொலைபேசியைத்தான் எடுக்க வேண்டும். துறைமுகத்தில் உதிரிபாகம் சீக்கிரம் சுங்கம் தாண்டிவிடும் என்று நாமாக நினைத்துக்கொண்டால் அது அனுமானம். இந்த நான்கையும் பிரித்து எழுதியதும் எங்கள் பட்டியல் பாதியாகச் சுருங்கியது. மிஞ்சிய ஒவ்வொரு வரிக்கும் எதிரே ஓர் ஆளின் பெயர் வந்தது. சிலருக்கு அது பிடிக்கவில்லை.

பலர் பயப்படுவது ஏர்ன்ட் வேல்யூ கணக்குக்கு, அதாவது முடிந்த வேலையின் மதிப்பைச் செலவோடும் அட்டவணையோடும் ஒப்பிடும் கணக்குக்கு. பயப்பட ஒன்றுமில்லை. பத்து இயந்திரங்களை மாற்ற 100,000 ரிங்கிட் ஒதுக்கீடு, ஒன்றுக்கு 10,000 என்று வைத்துக்கொள்வோம். இன்றைக்குள் 5 முடிந்திருக்க வேண்டும், அதாவது 50,000. முடிந்தது 4, அதன் மதிப்பு 40,000. செலவானது 48,000. கணக்குப் பிரிவு என்ன சொல்லும்? 50,000 செலவாக வேண்டிய இடத்தில் 48,000தான் ஆகியிருக்கிறது, 2,000 மிச்சம். உண்மையில் 40,000 மதிப்புள்ள வேலைக்கு 48,000 போயிருக்கிறது. செலவுக் குறியீடு, 40ஐ 48ஆல் வகுத்தால், 0.83. கால அட்டவணைக் குறியீடு, 40ஐ 50ஆல் வகுத்தால், 0.8. இதே வேகத்தில் செலவானால் 100,000 ரிங்கிட் வேலை 120,000இல் முடியும். சூத்திரத்தைவிட இந்த '2,000 மிச்சம்' என்ற பேச்சை நினைவில் வைத்தால் தேர்வில் வழி தெரியும்.

தேர்வில் கணக்குக் கேள்விகள் குறைவுதான். 2021இல் நடைமுறைக்கு வந்த பாடத்திட்டத்தில்தான் நான் எழுதினேன்: 180 கேள்விகள், 230 நிமிடங்கள், நடுவில் 10 நிமிட இடைவேளை இரண்டு. அப்போது மனிதர்கள் பற்றிய கேள்விகள் 42 விழுக்காடு, செயல்முறை 50, வணிகச் சூழல் 8. ஏறக்குறையப் பாதிக் கேள்விகள் அஜைல் (வேலையைச் சிறு கட்டங்களாகச் செய்து திருத்திக்கொண்டே போகும் முறை) அல்லது கலப்பு முறை சார்ந்தவையாக இருந்தன. ஒரு பகுதியை முடித்து இடைவேளைக்குப் போனால் அந்தக் கேள்விகளுக்குத் திரும்ப முடியாது. ஆகவே குறித்து வைத்தவற்றை எழுந்திருப்பதற்கு முன் பார்த்துவிடுங்கள்.

கேள்வியின் கடைசி வரி பெரும்பாலும் ஒரே மாதிரி: திட்ட மேலாளர் முதலில் என்ன செய்ய வேண்டும்? வாடிக்கையாளர் உணவகத்தில் தோளைத் தட்டி, "இன்னொரு பரிசோதனை மேசையும் சேர்த்துவிடுங்கள்" என்கிறார். நம் ஊர்ப் பழக்கம் சரி என்று தலையாட்டுவது. கண்டிப்பானவர் முடியாது என்பார். மேலதிகாரியிடம் ஓடுகிறவரும் உண்டு. மூன்றும் தவறான விடை. செலவும் நாளும் எவ்வளவு கூடும் என்று முதலில் பார்த்து, மாற்றக் கோரிக்கையாக எழுதி, முடிவெடுக்க உரிமை உள்ளவரிடம் வைக்க வேண்டும். ஒப்புதல் வந்த பிறகே அட்டவணையைத் தொடலாம். அஜைல் குழுவாக இருந்தால் அந்த மேசைக்கு எந்த முன்னுரிமை என்பதை பிராடக்ட் ஓனர் தீர்மானிப்பார். நாம் நடைமுறையில் செய்வதை விடையாகக் குறித்தால் மதிப்பெண் போகும். பணி அனுபவம் மிக்கவர்களுக்கு இந்தத் தேர்வு சிரமமாக இருப்பதற்கு இதுதான் காரணம் என்பது என் எண்ணம்.

தேர்ச்சி பெற்றேன். அத்துடன் முடிவதில்லை, மூன்று ஆண்டுக்கு ஒருமுறை 60 பிடியு (தொழில்முறை வளர்ச்சிக்கான புள்ளிகள்) காட்டிச் சான்றிதழைப் புதுப்பிக்க வேண்டும். அதில் 25 வரை பிறருக்குச் செய்யும் தொண்டிலிருந்து வரலாம். ஊதியமில்லாமல் ஓர் அமைப்புக்குத் திட்டப் பணி செய்து கொடுப்பதும் அதில் அடங்கும். பிறை என்ற ஊரில் எங்கள் கோயில் திருப்பணிக் குழுவுக்கு இப்போது நான்தான் அட்டவணை போட்டுக் கொடுக்கிறேன். அங்கே கிரிட்டிக்கல் பாத், தமிழ்நாட்டிலிருந்து வரும் சிற்பிகளின் விசா வழியாகப் போகிறது. முகப்பில் இன்னும் இரண்டு சுதைச் சிற்பங்கள் வேண்டும் என்று தலைவர் சொல்லியிருக்கிறார். மாற்றக் கோரிக்கைப் படிவத்தை அவரிடம் கொடுத்திருக்கிறேன். "கோயில் வேலைக்குமா படிவம்?" என்று கேட்டார், ஆனால் வாங்கிக்கொண்டார்.