தையல்சிட்டு, நான்கு நிறம்

மார்ச் 3, திங்கள்

டி-ஷர்ட் படப் போட்டி நடத்தும் தளத்தில் என் படத்தை ஏற்றியாயிற்று. இரவு 11.40. 14க்கு 16 அங்குலம், 300 டிபிஐ, நான்கு நிறம். சிட்டின் முதுகுக்குப் பாசிப்பச்சை, உச்சந்தலைக்குத் துருச்சிவப்பு, வயிற்றுக்கு வெள்ளை, நூலுக்கு வெளிர்நீலம். கண்ணுக்கும் இலை நரம்புக்கும் நிறமே கொடுக்கவில்லை. அந்த இடத்தை அச்சடிக்காமல் விட்டால் கருநீலத் துணியே எட்டிப் பார்க்கும். ஐந்தாவது நிறம் இனாம். இதில் எனக்குக் கொஞ்சம் பெருமை.

பேனாவைக் கீழே வைத்த பிறகும் கட்டைவிரல் தனியாகத் துடித்துக்கொண்டிருந்தது. நாளைக்குப் போய்க் காட்டிவிட வேண்டும்.

மார்ச் 4, செவ்வாய்

"கட்டைவிரலை உள்ளே மடக்கி முஷ்டி பிடிங்க. அப்படியே சுண்டுவிரல் பக்கமா சாயுங்க" என்றார் டாக்டர். சாய்த்தேன். கத்திவிட்டேன். "சரி, போதும்" என்று எழுத ஆரம்பித்துவிட்டார். டி குவெர்வெயின் என்று பெயராம். கட்டைவிரலை இழுக்கும் இரண்டு தசைநாண்கள் மணிக்கட்டில் ஓர் உறைக்குள் ஓடுகின்றன. உறை தடித்துப்போனால் ஒவ்வொரு அசைவுக்கும் உரசும். கைக்குழந்தையைத் தூக்கித் தூக்கி இளம் தாய்மாருக்கு நிறைய வருமாம். "வீட்ல சின்னக் குழந்தை இருக்கா?" என்று கேட்டார். ஒரு சிட்டு இருக்கிறது என்று சொல்ல வாய் வரை வந்தது.

கட்டைவிரலோடு சேர்த்து முன்கையில் பாதி வரை பட்டை. மூன்று வாரம். பேனாவைத் தொடக் கூடாது.

ஓட்டு ஏழு நாள். அதுவரை மதிப்பெண் கண்ணில் காட்ட மாட்டார்கள்.

மார்ச் 5, புதன்

தளத்தில் ஆந்தை என்ற பெயரில் கருத்து எழுதுபவர் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.

மார்ச் 6, வியாழன்

பதினேழு கருத்துகள். அதில் ஒன்பது வெறும் "அழகு". இரண்டு பேர் இது என்ன பறவை, எதற்குத் தைக்கிறது என்று கேட்டிருந்தார்கள். இடதுகை ஆள்காட்டி விரலால் ஒவ்வோர் எழுத்தாகக் குத்திப் பதில் போட்டேன்: தையல்சிட்டு. இலையின் ஓரத்தில் அலகால் துளை போடும். சிலந்தி நூலையும் நாரையும் அதில் கோத்து இழுத்து, இலையைப் பைபோலத் தைத்து, உள்ளே கூடு கட்டும். கற்பனை இல்லை.

"கற்பனை இல்லை" என்பதைச் சேர்த்திருக்க வேண்டாம். சண்டைக்காரிபோலத் தெரிகிறது.

பதினேழாவது கருத்துதான் குடைகிறது. "நூல் கழுத்துப் பட்டியிலிருந்து பிரிந்து வருவதாகக் காட்டியிருக்கிறீர்கள். அச்சில் அது வராதே?"

வராது. எனக்குத் தெரியும். தெரிந்தேதான் ஏற்றினேன். சட்டையைப் பலகையில் மாட்டி இழுத்து, மேலே வலை கட்டிய சட்டத்தை இறக்கி மையை வழிக்கிறார்கள். கழுத்துப் பட்டி தடிப்பு, அதன் அடியில் தையல் வேறு மேடாக நிற்கும். மேட்டின் மேல் சட்டம் தட்டையாக உட்காராது. ஒரு பக்கம் மை அப்பிக்கொள்ளும், மறு பக்கம் விழவே விழாது. அதனால்தான் கழுத்துக்குக் கீழே இரண்டு அங்குலமாவது விட்டுவிட்டு அச்சை ஆரம்பிக்கிறார்கள். சட்டை மேல் வைத்துக் காட்டும் மாதிரிப் படத்தில் என் நூல் கழுத்துப் பட்டியைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. பொய்.

ஆனால் அந்தத் தொடுகையில்தான் எல்லாமே இருக்கிறது. கழுத்து பிரிகிறது, சிட்டு அந்த நூலை உருவி நெஞ்சில் சட்டைப்பை இருக்கும் இடத்தில் இரண்டு இலைகளைத் தைக்கிறது. போட்டிருப்பவரின் சட்டையையே அவர் மேல் உட்கார்ந்து களவாடுகிறது. நடுவில் இரண்டு அங்குலம் வெறுந்துணி வந்தால் என்ன மிச்சம்? ஒரு பறவை, ஒரு கோடு.

மார்ச் 7, வெள்ளி

மவுஸை இடது பக்கம் மாற்றி வைத்துக்கொண்டு மற்றவர்களுக்கு ஓட்டுப் போட்டேன். இந்த வாரம் பூனை நாலு, மண்டையோடு மூன்று, விண்வெளி வீரர் இரண்டு. ஜப்பானிய ஓவியர் ஹொகுசாயின் புகழ்பெற்ற அலை மட்டும் மூன்று தடவை: அலையில் பூனை, அலையில் நாய், அலையே நாய். கடைசியதற்குச் சிரித்துவிட்டேன், ஐந்துக்கு 4.

அப்புறம் அந்த அந்துப்பூச்சி. புதிதாக வந்தவர், முதல் படம். சாம்பல் சட்டையில் இதயம் இருக்கும் இடத்தில் ஒரு ஓட்டை வரைந்திருக்கிறார். ஓரத்தில் குண்டு அந்துப்பூச்சி வயிற்றைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. இரண்டே நிறம். ஓட்டைக்குள் ஒன்றுமில்லை, கறுப்பு.

3 போடலாமா 4 போடலாமா என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். மவுஸ் வழுக்கியது. 1 விழுந்துவிட்டது. திருத்த வழியில்லை.

மார்ச் 8, சனி

அக்கா வந்து தலை பின்னிவிட்டாள். நாலு நாளாக ரப்பர் பாண்டில் கொண்டை. "பனியனுக்குப் படம் போட்டுக் கை போனவ உலகத்திலேயே நீ ஒருத்திதான்டி" என்றாள். சீப்பு இழுக்கும்போது வலித்தது, சொல்லவில்லை. பின்னல் மூன்று கால்களும் அவள் விரலுக்குள் போய்ப் போய் வருவதைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் வரைந்த நூல் எந்த இடத்திலும் இப்படித் தொய்யவில்லை.

அந்துப்பூச்சிக்காரருக்கு "முதல் படத்திலேயே இவ்வளவு அடக்கமா!" என்று பாராட்டி எழுதினேன். 1 போட்ட கையாலேயே.

ஆந்தை இன்று மூன்று பேருக்கு எழுதியிருக்கிறார். அலை-நாய்க்கு ஒரு பத்தி.

மார்ச் 9, ஞாயிறு

அதிகாலை 2.10. பட்டைக்குள் அரிக்கிறது, சொறிய முடியவில்லை.

த்ரெட்லெஸ் என்ற டி-ஷர்ட் தளம் பிறந்த கதையைப் படித்துக்கொண்டிருந்தேன். 2000-ல், ஓர் இணைய மன்றத்தில் வேடிக்கையாக நடந்த டி-ஷர்ட் போட்டியில் ஜேக் நிக்கல் ஜெயிக்கிறார். இதையே ஏன் தொடர்ந்து நடத்தக்கூடாது என்று அவரும் ஜேக்கப் டிஹார்ட்டும் சேர்ந்து ஆரம்பிக்கிறார்கள். படத்தை யார் வேண்டுமானாலும் அனுப்பலாம், ஊரே மார்க் போடும், ஜெயித்தது அச்சாகும். இன்றைக்கு நான் தூக்கம் கெட்டுக் கிடப்பதற்கு விதை அங்கேதான் விழுந்திருக்கிறது. பெயரைப் பாருங்கள், நூலற்றது. விவரமானவர்கள்.

வடிவமைப்பாளர் மில்டன் கிளேசர் 1976-ல் நியூயார்க்கில் ஒரு டாக்ஸியின் பின்சீட்டில், ஒரு கவரின் மேல் சிவப்பு க்ரேயானால் 'ஐ லவ் நியூயார்க்' என்பதை ஐ, இதயம், என், ஒய் என்று கிறுக்கினார். அந்தக் கிழிசல் இப்போது நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. டாக்ஸி எவ்வளவு நேரம் ஓடியிருக்கும்? என் நூல் ஒன்றுக்கே பதினோரு நாள் ஆயிற்று. வளைவின் ஒவ்வொரு புள்ளியையும் பிடித்து இழுத்து, எங்கும் முறியாமல் வழவழவென்று ஓடும்வரை விடவில்லை. அதனால்தான் கையும் இப்படி ஆனது.

அந்துப்பூச்சி துணியைத் தின்னாது. அதன் புழுதான் தின்னும். அதுவும் கம்பளி, பட்டு, மயிர். வெறும் பருத்தியைச் சீண்டாது. இதை அங்கே போய் எழுதலாமா என்று யோசித்தேன். எழுதவில்லை. எழுதவில்லை என்பதற்காக என்னை நானே மெச்சிக்கொண்டதை மட்டும் இங்கே குறித்துவைக்கிறேன்.

மார்ச் 10, திங்கள்

ஆந்தை வந்தார். ஓட்டு முடிய நான்கு மணி நேரம் இருக்கும்போது.

"இது நூல் இல்லை, கம்பி."

அவ்வளவுதான்.

மார்ச் 11, செவ்வாய்

2.94. ஓட்டு 412. "நான் போட்டுக்கொள்வேன்" என்று குறித்தவர்கள் 61 பேர்.

3-ஐயாவது தொட்டிருக்கலாம். 0.06 என்பது எத்தனை பேரின் கோணல் புத்தி என்று கணக்குப் போட்டேன். 412 பேரில் இருபத்தைந்து பேர் ஆளுக்கு ஒரு மார்க் கூடப் போட்டிருந்தால் போதும். இருபத்தைந்து பேருக்கு மவுஸ் வழுக்கியிருக்கும்.

மார்ச் 12, புதன்

கம்பி, கம்பி, கம்பி. மனுஷன் ஒரு வாரம் உட்கார்ந்து இதைத்தான் யோசித்தாரா?

மார்ச் 13, வியாழன்

சரி, கம்பிதான். இன்று படத்தைக் கட்டைவிரல் நகம் அளவுக்குச் சுருக்கிப் பார்த்தேன். சிட்டு நிற்கிறது, இலை நிற்கிறது. நூல் மட்டும் மின்கம்பியில் வெட்டிய துண்டுபோல விறைத்துக்கொண்டு கிடக்கிறது. அக்காவின் சுடிதார் ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவி மேசையில் போட்டேன். அது விழுந்த விதமே வேறு. ஓர் இடத்தில் சுருண்டு, ஓர் இடத்தில் சலித்துப்போய்ப் படுத்து, முறுக்குப் பிரிந்த நுனியில் மூன்று இழை. போட்டோ எடுத்துக்கொண்டேன். ஒன்பது தடவை போட்டேன், ஒன்பதும் ஒன்பது விதம்.

அக்கா: "என் துணிய ஏன்டி பிக்கிற?"

மார்ச் 15, சனி

பார்சல் வந்தது, கையெழுத்துக் கேட்டான். இடது கையால் போட்டேன். என் பெயர் ஒரு நூலாகப் போய்க் காகிதத்தில் விழுந்திருந்தது.

உடனே உட்கார்ந்துவிட்டேன். 4பி பென்சில், இடது கை, பழைய காகிதம். முதல் இருபது கோடு குப்பை. வேண்டுமென்றே நடுங்கவைத்தால் அது நடிப்பு, பார்த்ததும் தெரிந்துவிடும். நேராகப் போடத்தான் முயல வேண்டும், கை கேட்கக் கூடாது. முப்பத்தோராவது கோடு நன்றாக வந்தது. ஸ்கேன் செய்து, கோட்டைச் சீராக்கும் வசதியைச் சுத்தமாக அணைத்துவிட்டு எடுத்தேன். அந்த வசதி இருக்கிறதே, நடுங்குகிற எதையும் பொறுக்காது.

அதே சூட்டில் சிட்டையும் இடது கையால் போட்டுப் பார்த்தேன். உருளைக்கிழங்கு. சிட்டு பழையதே இருக்கட்டும்.

மார்ச் 16, ஞாயிறு

புதுச் சிக்கல். கருநீலத் துணியில் வெளிர்நீலம் அப்படியே எடுபடாது, அடியில் வெள்ளைப் பூச்சு வேண்டும். அந்த வெள்ளை மேல்நிறத்தின் ஓரத்தில் எட்டிப் பார்க்காமல் இருக்க அதைச் சுற்றிலும் ஒரு மயிரிழை சுருக்க வேண்டும். பெரிய இலைக்குச் சுருக்கலாம். ஒன்றரைப் பாயின்ட் தடிப்பே உள்ள நூலில் இரண்டு பக்கமும் சுருக்கினால் அடியில் என்ன இருக்கும்? இரண்டு சட்டமும் துளி விலகினால் நூலுக்குப் பக்கத்தில் இன்னொரு நூல் ஓடும்.

மத்தியானம் முழுக்க இதிலேயே போயிற்று. பட்டை வியர்வையில் நாறுகிறது.

இரவு: நூலே வெள்ளையாக இருந்துவிட்டுப் போகட்டுமே. வயிற்றுக்கு அடிக்கும் அதே வெள்ளை, அதே சட்டம். அடிப்பூச்சு என்ற பேச்சே இல்லை. மூன்று நிறம். இது ஏன் எனக்கு முதல் நாளே தோன்றவில்லை? நீலம் அழகாக இருந்தது, அதனால் தோன்றவில்லை.

மார்ச் 18, செவ்வாய்

அந்துப்பூச்சியை அச்சுக்குத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள்.

மார்ச் 19, புதன்

அந்துப்பூச்சிக்காரரிடமிருந்து தனிச்செய்தி. முதன்முதலில் மனதாரப் பாராட்டியது நீங்கள்தான், அன்றைக்கு எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் போய்விடலாம் என்று இருந்தேன், உங்கள் சிட்டுக்கு நான் 5 போட்டேன்.

நாலு முறை பதில் எழுதினேன். நாலு முறையும் மவுஸ் வழுக்கிய கதையிலிருந்துதான் ஆரம்பித்தது. வழுக்கியதா? 3, 4 என்று நினைத்துக்கொண்டிருந்தேன், சரி. 1 இருப்பது அந்தக் கோடியில். இடைவெளி ஒன்றும் குறைவில்லை. "வாழ்த்துகள்" என்று மட்டும் அனுப்பினேன்.

மார்ச் 20, வியாழன்

ஒன்றும் செய்யவில்லை.

மார்ச் 22, சனி

இரண்டு அங்குலம். மறுபடி அங்கேயே வந்து நிற்கிறேன். நெஞ்சில் ஓர் ஓட்டை வரைந்து நூல் அதிலிருந்து பிரிவதாகக் காட்டலாம், தொழில்நுட்பப்படி சிக்கலே இல்லை. ஆனால் ஓட்டை அந்துப்பூச்சியுடையது. சட்டப்படி யோசனைக்குப் பதிப்புரிமை கிடையாது, வரைந்த விதத்துக்குத்தான். யாரும் கேட்கவும் மாட்டார்கள். ஆனாலும் 1 போட்டுவிட்டு ஓட்டையையும் எடுத்துக்கொள்வதா?

அக்காவிடம் காட்டினேன். கழுத்துக்கும் கோட்டுக்கும் நடுவில் வெற்றிடத்தோடு, உண்மையான அளவில், காகிதத்தில் அச்செடுத்துச் சட்டை மேல் குத்தி. "நூல் எங்கேயிருந்து வருதுன்னு தெரியுதா?" என்றேன். "கழுத்துலேர்ந்து. வேற எங்கேயிருந்து வரும்?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

மார்ச் 24, திங்கள்

ஏற்றினேன். இரவு 10.05. மூன்று நிறம். மாதிரிப் படத்தில் இரண்டு அங்குலத்தையும் அப்படியே விட்டிருக்கிறேன், தொடவில்லை. நாளை காலை பட்டையைக் கழற்றிப் பார்த்துவிட்டு ஊசி போடுவதா வேண்டாமா என்று சொல்வார்.

10.20. ஆந்தை. இவ்வளவு சீக்கிரம் அவர் யாருக்கும் எழுதியதில்லை.

"நூல் சரி. கூட்டுக்குள் என்ன இருக்கிறது?"

உள்ளே நான் ஒன்றும் வரையவில்லை.