ஜி.எஸ். (பொதுப்பாடம்) இரண்டாம் தாள்: பன்னாட்டு உறவுகளைத் தேதி வரிசையில் படியுங்கள்

குடிமைப் பணித் தேர்வின் இறுதிப் பட்டியலில் என் பெயரைப் பார்த்த நிம்மதியோடு இதை எழுதுகிறேன். பன்னாட்டு உறவுகளுக்கு எப்படிப் படிப்பது என்று கேட்பவர்களிடம் ஒரே ஒரு பழக்கத்தைத்தான் வற்புறுத்துவேன்: இன்னொரு நாட்டின் நிலைப்பாட்டுக்கு நம் அரசு அளித்த பதிலை, தலையங்கக் கருத்தாகப் படிக்காமல், தேதியிட்ட நடவடிக்கைகளின் வரிசையாகப் படியுங்கள்.

கனடா விவகாரத்துக்கு என் குறிப்பேட்டில் ஒரு பக்கத்தையே ஒதுக்கி, தேதி, நடவடிக்கை, சட்ட அடிப்படை என்று மூன்று பத்திகளாகக் கோடு போட்டிருந்தேன். 2023 ஜூனில் கனடாவில் சுட்டுக் கொல்லப்பட்ட காலிஸ்தான் ஆதரவாளர் நிஜ்ஜாரின் கொலையில் இந்திய அரசின் முகவர்களுக்குத் தொடர்பு இருக்கக்கூடும் என்று கனடாவின் அப்போதைய பிரதமர் ட்ரூடோ 2023 செப்டம்பர் 18 அன்று அந்நாட்டு நாடாளுமன்றத்தில் கூறினார். அதன் பின் நடந்தவை:

- செப்டம்பர் 19: குற்றச்சாட்டு நிராகரிப்பு, கனடாவின் மூத்த தூதரக அதிகாரி ஒருவர் ஐந்து நாட்களில் வெளியேற உத்தரவு.
- செப்டம்பர் 21: கனடியர்களுக்கு விசா நிறுத்தம்.
- அக்டோபர்: இந்தியாவின் வலியுறுத்தலால் 41 கனடா தூதரக அதிகாரிகள் நாடு திரும்பினர், இந்தியாவில் எஞ்சியவர்கள் 21 பேர்.
- 2024 அக்டோபர் 14: கனடாவில் இருந்த நம் உயர் ஆணையரை (தூதருக்கு நிகரானவர்) திரும்ப அழைக்கும் முடிவு, இருதரப்பிலும் தலா ஆறு பேர் வெளியேற்றம்.

மூன்றாவது பத்தியான சட்ட அடிப்படைதான் விடையை மற்றவர்களின் விடையிலிருந்து பிரித்துக் காட்டும் என்பது என் உறுதியான எண்ணம். தூதரக உறவுகள் பற்றிய 1961 வியன்னா உடன்படிக்கையின் 9ஆம் பிரிவின்படி, காரணம் கூறாமலேயே ஒரு தூதரக அதிகாரியை ஏற்கத்தகாதவராக அறிவிக்கலாம். 41 பேர் விஷயத்திலோ இந்தியா அந்தப் பிரிவைச் சொல்லாமல், தூதரகத்தின் அளவு நியாயமான வரம்புக்குள் இருக்க வேண்டும் என்று கோர இடமளிக்கும் 11ஆம் பிரிவின் முதல் உட்பிரிவைக் காட்டி, இரு நாடுகளுக்கும் சம எண்ணிக்கையை வலியுறுத்தியது. இதைப் பன்னாட்டுச் சட்ட மீறல் என்று கனடா கண்டித்ததையும் சேர்த்தெழுதினால்தான் விடை முழுமையாகும்.

அரசு எதைத் தொடவில்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். இவ்வளவு கசப்புக்கு நடுவிலும் கனடாவிலிருந்து மசூர் பருப்பு வந்துகொண்டுதான் இருந்தது. 2023 அக்டோபர் இறுதியிலேயே சில வகை விசாக்கள் மீண்டும் வழங்கப்பட்டன. கோபத்துக்கும் ஓர் அளவு வகுத்துக்கொண்ட அந்தப் பதிலை, 'உறவு முறிந்தது' என்ற ஒற்றை வரியில் முடித்துவிடுவது பெரிய அநியாயம்.

கூடிப் படிப்பது எனக்கு ஒத்துவராது. விவாதத்தில் தேதிகள் நழுவி அபிப்பிராயங்களே மிஞ்சும். வெளியுறவு அமைச்சகத்தின் அறிக்கையை முதலில் படித்துவிட்டுப் பிறகு நாளிதழைத் தொடுங்கள். குறிப்பேட்டின் கனடா பக்கத்தில், 2025 ஜூனில் மோடியும் ட்ரூடோவுக்குப் பின் கனடா பிரதமரான கார்னியும் சந்தித்ததையும், ஆகஸ்டில் இரு நாடுகளும் புதிய உயர் ஆணையர்களை அறிவித்ததையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.