பெயர் தெரியாத வீரன்

"அவன் பேர் என்னப்பா?" என்று மகள் குறுக்கிட்டதும் வாசிப்பதை நிறுத்தினேன்.

டோல்கீனின் 'தி டூ டவர்ஸ்', 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' கற்பனைக் கதையின் இரண்டாம் பாகம். எதிரிப்படை வீரன் ஒருவன் அம்பு பட்டு, தோட்டக்காரனான சாமுக்குச் சற்றுத் தள்ளிக் குப்புற விழுகிறான். முறிந்த வாளின் பிடியை அவனுடைய கை இன்னும் விடவில்லை.

சில வரிகள் தள்ளி, சாமும் அதையேதான் நினைக்கிறான்: இவன் பெயர் என்ன, எந்த ஊர், உண்மையிலேயே கெட்டவன்தானா, எந்தப் பொய்யோ மிரட்டலோ இவனை வீட்டைவிட்டு இவ்வளவு தூரம் நடத்திக்கொண்டு வந்தது?

1916இல் பிரான்சின் சொம் போர்க்களத்தில் சமிக்ஞை அதிகாரியாக இருந்தவர் டோல்கீன். பேன்கள் பரப்பிய பதுங்குகுழிக் காய்ச்சல்தான் அவரை நவம்பரில் இங்கிலாந்துக்குத் திருப்பி அனுப்பியது (அந்தப் பேன்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்). பள்ளிக்கால நெருங்கிய நண்பர்கள் மூவரில் இருவர் அந்த ஆண்டிலேயே மாண்டுபோனார்கள்.

ஆனாலும் அவர் போரையே முற்றாக மறுத்தவர் அல்லர். வாளின் கூர்மையை அல்ல, அது காக்கும் ஊரையே நேசிப்பதாக அதே கதையில் வரும் படைத்தலைவன் ஃபாரமிரைப் பேச வைத்தவர் அவர். 1944இல், விமானப்படையில் இருந்த மகனுக்கு எழுதிய கடிதத்தில், கதையில் தீமையின் தலைவனான சௌரானை, அவன் செய்த மோதிரத்தைக் கொண்டே நாம் வெல்ல முயல்கிறோம் என்று தம் தரப்பையே கடிந்துகொண்டவரும் அவர்தான்.

அந்த வீரனின் பெயரை அவர் எங்கும் சொல்லவில்லை என்றேன். மகளுக்கு அது பிடிக்கவில்லை. மீதியை நாளைக்குப் படிக்கலாம் என்று புத்தகத்தை மூடிவிட்டாள்.