புள்ளி வட்டத்தில் வெள்ளையம்மாள்

ஆகஸ்ட் 3, 2024, சனி

ஐப்பசியில் சித்தப்பாவுக்குச் சதாபிஷேகம். பத்திரிகை அனுப்ப முகவரிப் பட்டியல் தயாரிக்கும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. "புதிதாக எதற்கு எழுத வேண்டும்? உன் தங்கை கல்யாணத்துக்கு நானே அடித்து வைத்த பட்டியல் இருக்கிறதே" என்று ஒரு குறுந்தகட்டைக் கூரியரில் அனுப்பிவிட்டார். 2003ஆம் ஆண்டு அடித்தது. என் மடிக்கணினிக்குக் குறுந்தகட்டைப் போடும் வாயே கிடையாது. தெருமுனை ஜெராக்ஸ் கடையில் இருபது ரூபாய் கொடுத்துப் பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு வந்தேன்.

கோப்பு திறந்துகொண்டது. உள்ளே ஒரு பெயர்கூட இல்லை. பக்கம் பக்கமாக ஆங்கில எழுத்துகள், நடுநடுவே அரைப்புள்ளிகள். விசைப்பலகைமேல் பூனை நடந்துபோன மாதிரி.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

சித்தப்பாவைத் தொலைபேசியில் பிடித்தேன்.

"முதல் வரியில் என்ன இருக்கிறது, படி."

"எஃப், கே, ஒய், எச்."

சற்று நேரம் பேச்சில்லை. மேசைமேல் விரல்கள் தட்டும் ஓசை மட்டும் கேட்டது. இடது சுட்டுவிரல் ஒரு தட்டு, வலது நடுவிரல் ஒரு தட்டு. வலது சுட்டுவிரல் ஒரு வரிசை மேலே எம்பி இறங்கி, உள்பக்கமாகச் சாய்ந்து இன்னொரு தட்டு.

"கமலா. உன் அத்தைதான். அடுத்ததைச் சொல்."

இளவயதில் தமிழ் டைப்ரைட்டிங் ஹையர் தேறியவர். தட்டச்சின் முதல் பாடமான 'யளனக'வில் தொடங்கிய விரல்கள் இன்னும் மறக்கவில்லை. இப்படியே பதினோரு பெயர்கள் படித்தோம். மொத்தம் 412 இருக்கின்றன. சித்தி காபிக்குக் கூப்பிட்டுவிட்டார்.

ஆகஸ்ட் 7, புதன்

சங்கதி இதுதான். சித்தப்பா அடித்தது பாமினி எழுத்துருவில். கணினிக்கு ஒவ்வோர் எழுத்தும் ஓர் எண். கோப்புக்குள் இருப்பது ஆங்கில எழுத்துகளின் எண்கள் மட்டுமே. அந்த எண்களுக்குத் தமிழ் உருவம் வரைந்து காட்டுவது பாமினியின் வேலை. எழுத்துரு இல்லாத கணினியில் வேஷம் கலைந்துவிடுகிறது. பாமினியைத் தேடி நிறுவினேன். பட்டியல் பளிச்சென்று தமிழில் வந்தது. ஆனால் 'கமலா' என்று யுனிகோடில், அதாவது தமிழ் எழுத்துகளுக்கே தனி எண் கொடுக்கும் இன்றைய பொது முறையில், தேடினால் 'இல்லை' என்கிறது. கண்ணெதிரே முதல் வரியில் அத்தை உட்கார்ந்திருக்கிறார்!

ஆக, மொத்தத்தையும் யுனிகோடுக்கு மாற்றியாக வேண்டும்.

ஆகஸ்ட் 10, சனி

பாமினியை யுனிகோடாக்கும் மாற்றி ஒன்று இணையத்தில் கிடைத்தது. அதில் பட்டியலை ஒட்டினேன். கண்மூடித் திறப்பதற்குள் 412 பெயர்களும் மாறின. கமலா சரி. கௌரி சரி. வெள்ளையம்மாளைப் பார்த்துத்தான் திகைத்தேன்: முதல் எழுத்து 'வௌ', அடுத்து ஒரு புள்ளி வட்டத்தைத் தூக்கிக்கொண்டு மெய்ப்புள்ளி, அதற்கப்புறம் 'ளையம்மாள்'. ஒட்டிக்கொள்ள எழுத்தில்லாத குறிக்குக் கணினி போட்டுக் காட்டும் வட்டம் அது. வெள்ளைச்சாமிக்கும் அதே கதி. 'வெளிப்பாளையம்' முகவரிக்காரர்கள் எல்லாரும் வட்டத்தோடு நின்றார்கள்.

இரவு பதினொன்றரைக்குத்தான் காரணம் பிடிபட்டது. பாமினியில் ஔகாரத்துக்குத் தனிக் குறி இல்லை. தட்டச்சுப் பொறியில் போலவே ஒற்றைக்கொம்பு, எழுத்து, பிறகு ஒரு 'ள'. காகிதத்தில் ஔகாரக் குறியும் தனி ளகரமும் ஒன்றுதான். படிக்கிறவர் பொருள் பார்த்துக்கொள்வார். மாற்றிக்கு அந்த வசதி ஏது? கொம்பும் ளகரமும் கண்டால் ஔகாரம் என்று முடிவு கட்டிவிடுகிறது.

இன்னொரு மாற்றியைப் பிடித்தேன். அதில் வெள்ளையம்மாள் பிழைத்தார். ஆனால் கௌரி 'கெளரி' ஆனார், கொம்பும் ககரமும் தனி ளகரமுமாக. கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. கணினிக்கு அவர்கள் இருவர்.

இரண்டு மாற்றிகளுமே இதைச் செய்யவில்லை என்பது எரிச்சல்: ஔகாரத்துக்குப் பின்னால் புள்ளியோ உயிர்க்குறியோ வரவே வராது. வந்தால் அது ளகரம். அவ்வளவுதான் விதி. ஒவ்வொரு உயிர்க்குறியாகத் தேடி மாற்றும் கட்டளை கொடுத்து, பதினைந்து நிமிடத்தில் முடித்தேன். புரிந்துகொள்ளத்தான் நான்கு மணி நேரம்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

வேலை ஓடவில்லை. யுனிகோடு அட்டவணையைச் சும்மா மேய்ந்துகொண்டிருந்தேன். 2019இல் தமிழின் பழைய பின்னங்களுக்கும் அளவைக் குறிகளுக்கும் தனியாக ஒரு தொகுதியே கொடுத்திருக்கிறார்கள். தொகுதியின் முதல் குறி முந்திரி, அதாவது 320இல் ஒன்று. காணி 80இல் ஒன்று, மா 20இல் ஒன்று. என் மடிக்கணினியில் அத்தனையும் வெறும் கட்டங்களாகத் தெரிகின்றன. எண்ணுக்கு இடம் கொடுத்தாயிற்று, வரைந்து காட்டத்தான் இங்கே எழுத்துரு இல்லை. பாமினிக்கு நேர்ந்ததன் மறுபக்கம்.

சித்தப்பாவிடம் சொன்னேன். "எனக்கு ஒரு வயது என்பது ஒரு காணி" என்றார். எண்பது ஆகிறதாம்.

ஆகஸ்ட் 15, வியாழன்

விடுமுறை. புதிதாகச் சேர்க்க வேண்டிய அறுபது பெயர்களைக் கைப்பேசியில் அடித்துப் பட்டியலோடு ஒட்டி, இரட்டிப்பு உண்டா என்று பார்த்தேன். ஒன்றுகூட இல்லை என்றது கணினி. பெருமிதத்தோடு கண்ணை ஓட்டினால், கும்பகோணம் ஸ்ரீனிவாசன் இரண்டு இடத்தில் இருக்கிறார். ஒரே கதவிலக்கம், ஒரே தெரு.

இது வேறு கதை. 'ஸ்ரீ' என்பது கணினிக்கு ஓர் எழுத்தன்று. ஸகரம், புள்ளி, ரகரம், ஈகாரக்குறி என்று நான்கு. 2005இல் 'ஶ' என்ற எழுத்து யுனிகோடில் சேர்ந்த பிறகு, அதை முதலில் வைத்தும் ஸ்ரீ எழுதலாம் என்றாயிற்று. எழுத்துருக்கள் இரண்டையும் ஒரே மாதிரி வரைகின்றன. மாற்றி கொடுத்தது பழையது, என் கைப்பேசி அடித்தது புதியது. ஒரே ஆள், இரண்டு பிறவி.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

பத்திரிகையில் போடவேண்டிய உறவினர் பெயர்களை அச்சகத்துக்கு மின்னஞ்சலில் அனுப்பினேன். அரை மணி நேரத்தில் அழைப்பு. "சார், எங்கள் பக்க வடிவமைப்பு மென்பொருள் பழையது. யுனிகோடு போட்டால் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் போய்விடுகிறது. பாமினியில் இருந்தால் அனுப்புங்கள்."

சித்தப்பாவின் பழைய கோப்பிலிருந்தே வெட்டி அனுப்பினேன். வேறு எதுவும் பேசவில்லை.

ஆகஸ்ட் 24, சனி

முகவரிப் பட்டியலை அச்சிட்டு எடுத்துக்கொண்டு புதுக்கோட்டைக்குப் போனேன். சித்தப்பா பூதக்கண்ணாடியோடு திண்ணையில் உட்கார்ந்து வரிவரியாகப் படித்தார். ஏழாம் பக்கத்தில் நின்றார்.

"இந்த ஸ்ரீனிவாசனும் மூன்றாம் பக்கத்துச் சீனிவாசனும் ஒரே ஆள். கும்பகோணம்."

பார்த்தால், இது கைப்பேசி செய்த இரட்டிப்பன்று. இரண்டும் 2003 பட்டியலிலேயே இருந்தவை. அவரே இரண்டு விதமாக அடித்திருக்கிறார்.

"அப்படியானால் தங்கை கல்யாணத்துக்கு அவருக்கு இரண்டு பத்திரிகை போயிருக்கிறது, சித்தப்பா."

"போயிருக்கும்."

"மொய் எத்தனை வந்தது?"

கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, பரண்மேல் இருக்கும் மொய் நோட்டை எடுக்க ஏணி கேட்டார். சித்தி தரவில்லை.