தொகையை விரித்தபோது பிடிபட்ட ஆங்கிலம்

கிளிநொச்சி இரணைமடுக் குளத்துத் தண்ணீர் பாயும் ஒரு வயலில் காலபோக நெல்லுக்குச் சேதனப் பசளை இட்டுப் பார்த்ததே எனது இறுதியாண்டு ஆய்வு. வயல்வேலை சிரமமாக இருக்கவில்லை. உயர்தரம் வரை தமிழ்மொழிமூலம் படித்த எனக்கு அதை ஆங்கிலத்தில் எழுதுவதுதான் பெரும்பாடாயிற்று. முதல் வரைவைத் திருப்பித் தந்த மேற்பார்வையாளர், "பிழை குறைவு, ஆனால் இது பேச்சு. நாலைந்து ஆய்வுக் கட்டுரைகளை எடுத்து, வசனங்கள் எப்படிக் கட்டப்பட்டிருக்கின்றன என்று பாரும்" என்றார்.

நிறப்பேனையும் கையுமாக நான் முதலில் தேடியது செயப்பாட்டு வினையை. ஆய்வு ஆங்கிலம் என்றாலே அதுதான் என்று ரியூசனில் கேட்டுப் பழகியிருந்தேன். மண் உலர்த்தப்பட்டது, சலிக்கப்பட்டது, நிறுக்கப்பட்டது என முறையியல் பகுதி முழுவதும் அது நிறைந்திருந்தது. ஆனால் முன்னுரையிலும் கலந்துரையாடலிலும் செய்வினையே கூடுதலாக வந்தது, "நாம்" என்று தொடங்கும் வசனங்களும் இருந்தன. ஆய்வெழுத்தில் முற்றுவினைகளுள் ஏறத்தாழ 4 இல் ஒன்றுதான் செயப்பாட்டு வினை என்பதைப் பின்னர் வாசித்தபோது, என் நிறப்பேனைக்கு வேலை குறைந்ததன் காரணம் விளங்கியது.

பாரம் முழுவதும் பெயர்ச்சொற்களில் இருந்தது. "பசளை இட்டதால் பயிர் விரைவாக வளர்ந்தது" என்று நான் இரண்டு வினைகளால் எழுதியதை, கட்டுரைகள் "பசளை இடுகை", "பயிர் வளர்ச்சி வீதம்" என்று பெயர்களாக்கி, நடுவே ஒரேயொரு வினையை வைத்திருந்தன. பத்தாம் ஆண்டில் மனனம் செய்த தொழிற்பெயர் இதுவே என்று பிடிபட்ட பிறகு தேடல் இலகுவானது. ஆயினும் "ஷன்" என்று முடிவதையெல்லாம் அடிக்கோடிட்டு ஏமாந்தேன்: "ஸ்டேஷன்" அந்த ஈற்றைக் கொண்டிருந்தும் இடத்தின் பெயர், "குரோத்", "லொஸ்" ஆகியன அந்த ஈறு இன்றியே தொழிற்பெயர்கள். ஈற்றைப் பார்ப்பதை விட, அந்தச் சொல்லை மீண்டும் வினையாக்க முடிகிறதா என்று சோதிப்பதே நம்பத்தக்க வழி.

அடுத்தது தொகை. "சொயில் மொயிஸ்சர் ரிடென்ஷன் கப்பாசிற்றி" என நான்கு பெயர்கள் உருபு எதுவும் இல்லாமல் வரிசையாக நிற்கும். கடைசிச் சொல்லைத் தலையாகக் கொண்டு பின்னிருந்து முன்னாக விரித்தால், மண்ணில் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும் கொள்ளளவு என்று பொருள் வரும். தமிழில் வேற்றுமைத்தொகையை விரிக்கத் தெரிந்தவருக்கு இது புதிய வித்தையல்ல. இதை எவரும் முன்பே சொல்லித் தரவில்லையே என்ற ஆதங்கம் எனக்கு இன்றும் உண்டு.

உறுதியைத் தணிக்கும் சொற்களே எனக்குக் கடைசியாகக் கண்ணில் பட்டன. "மே", "சஜெஸ்ற்", "லைக்லி" போன்றவை முடிவுகளை விளக்கும் இடத்தில் திரண்டு வந்தன. கணினியில் "மே" என்று தேடியபோது சிறுபோக விதைப்பு நடந்த மே மாதமும் சேர்ந்து வந்து என் எண்ணிக்கையைக் குழப்பியது தனிக்கதை. இச்சொற்களைக் கோழைத்தனம் என்றே முதலில் நினைத்தேன். பசளை விளைச்சலைக் கூட்டும் என்று நான் "நிரூபித்த" வசனத்தின் ஓரத்தில், "ஒரு வயல், ஒரு போகம்" என்று மட்டும் எழுதப்பட்டிருந்ததை மறுபடி பார்த்தபோதுதான் அவற்றின் தேவை உறைத்தது. "கூட்டக்கூடும்" என்று திருத்தினேன்.

இரண்டாவது வரைவும் சிவப்புக் கோடுகளுடனேயே திரும்பியது. இம்முறை குற்றம் எதிர்ப்பக்கத்தில் இருந்தது: கற்ற உற்சாகத்தில் ஆறு பெயர்களை ஒரே தொகையாக அடுக்கியிருந்தேன். "எது எதனோடு சேருகிறது?" என்று கேட்கப்பட்டிருந்தது. இடையிடையே "ஒஃப்", "இன்" என்பவற்றை இட்டு, உருபு விரிப்பதுபோல அதைப் பிரித்து எழுதிக் கொடுத்தேன்.