ரெஸ்ட் எடுக்கச் சொன்னார்கள், அம்மாவின் கால் வலுவே போய்விட்டது

அம்மாவுக்கு 74 வயது. குளியலறை வாசலில் இடறி விழுந்தார். எலும்பு முறிவு இல்லை. எக்ஸ்ரேவைப் பார்த்த டாக்டர், "வயசாயிடுச்சு, மூணு வாரம் நல்லா ரெஸ்ட் எடுக்கட்டும்" என்று அனுப்பிவிட்டார். நாங்களும் தண்ணீர் டம்ளர் முதற்கொண்டு கட்டிலுக்கே கொண்டுபோய்க் கொடுத்தோம். மூன்று வாரத்தில் வலி போயிருந்தது. ஆனால் கையை ஊன்றாமல் நாற்காலியை விட்டு எழ முடியவில்லை. தொடைச் சதை தொளதொளவென்று தொங்கியது.

வயதானால் தசை குறையும், தெரியும். சார்கோபீனியா என்று அதற்குப் பெயரே இருக்கிறது. படுத்தே கிடந்தால் அது மளமளவென்று கரையும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? இன்னும் ஆறவில்லை எனக்கு.

அப்புறம் பிசியோதெரபி. டாக்டர் சீட்டு இல்லை என்று முதல் நாள் வரவேற்பிலேயே திருப்பிவிட்டார்கள். நடக்கவே தடுமாறுகிறவரை இரண்டு மாடி ஏற்றியது வீண். போகும் முன் போன் செய்து, என்னென்ன சீட்டு வேண்டும், லிப்ட் உண்டா என்று கேட்டுவிடுங்கள். சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியலும் கையில் இருக்கட்டும். தூக்க மாத்திரை, பிரஷர் மாத்திரையால் தலைசுற்றி விழுகிறவர்கள் உண்டு.

அடுத்த முறை பார்த்த பிசியோதெரபிஸ்ட் தங்கமானவர். கைகளை மார்பின் குறுக்கே கட்டச் சொல்லி, 30 விநாடியில் எத்தனை தடவை எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணினார். ஒன்றுகூட இல்லை. அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் ஒன்றும் பேசாமல் இருக்கையில் இரண்டு கெட்டி மெத்தைகளை அடுக்கி, "இப்ப எழுந்திரிங்கம்மா" என்றார். எழுந்துவிட்டார்!

அதுவே வீட்டுப் பயிற்சி ஆனது. நாற்காலி சுவரோடு ஒட்டியிருக்க வேண்டும், பக்கத்தில் ஆள் நிற்க வேண்டும். சுலபமானதும் ஒரு மெத்தையை எடுத்துவிடலாம். கைத்தடியை வலு குறைந்த கால் பக்கமே பிடித்திருந்தோம். மறுபக்கக் கைக்கு மாற்றியதும் நடை நிதானப்பட்டது. நடை மட்டும் போதாது, தசைக்குச் சுமை வேண்டும் என்பதை அழுத்திச் சொன்னார். 90 வயதுக்காரர்களுக்கே எடைப் பயிற்சியால் கால் வலு கூடியதை 1990-லேயே ஆய்வில் காட்டிவிட்டார்களாம். அதைக் கேட்ட பிறகு அம்மா ஒரு நாளும் பயிற்சியை விடவில்லை.

பதினோராவது வாரம் மெத்தை இல்லாமல் எட்டு தடவை எழுந்தார். இரவில் என்னை எழுப்பாமல் பாத்ரூம் போய் வருகிறார். இந்த வயதுக்குப் பத்து தடவையாவது வேண்டுமாம். இன்னும் இரண்டு பாக்கி.