155 சிசிதானே என்று சொல்பவர்களுக்கு

யமஹா ஆர்15-ஐ ‘சின்ன வண்டி’ என்று ஒதுக்கும் அண்ணன்மார்களே, அதில் விவிஏ இருக்கிறது, அதாவது வேகத்துக்கு ஏற்ப வால்வு திறப்பதை மாற்றும் அமைப்பு. காற்றை உள்ளே விடும் இன்டேக் வால்வுக்கு, அதைத் தள்ளித் திறக்கும் கேம் இரண்டு. இன்ஜின் மெதுவாகச் சுற்றும் கீழ் ஆர்பிஎம்மில் ஒன்று வேலை செய்யும். 7,400-ஐத் தொட்டதும் சின்ன பின் ஒன்று நகர்ந்து, வால்வை அழுத்தும் ராக்கர் ஆர்மை உயரமான கேமோடு கோர்த்துவிடும். வால்வு கூடுதலாகத் திறக்கும், காற்று அள்ளிக்கொண்டு போகும். சிங்கப்பூரின் பிஐஇ விரைவுச்சாலைக்குள் நுழையும்போது கியர் மாற்றாமல் இழுத்துப் பாருங்கள், சத்தமே மாறும்!

பவர் 18 குதிரை சொச்சம்தான். ஆனால் எடை 140 கிலோ பக்கம், அப்புறம் யமஹாவின் அந்த உறுதியான டெல்டாபாக்ஸ் ஃப்ரேம். 1961 முதல் 1973 வரை கிராண்ட் பிரீ பந்தயம் நடந்த பழைய அப்பர் தாம்சன் சாலையில் நிதானமாகப் போனாலும், நாம் பார்க்கிற பக்கம் வண்டி தானாகத் திரும்பும். மணிக்கட்டு வலிக்கும், அது வேறு கதை.

200 சிசி வரை மட்டும் ஓட்டக்கூடிய 2பி லைசென்ஸ் தம்பிகளே, உங்கள் ஓட்டு எந்த வண்டிக்கு? வண்டி வாங்கத் தேவையான சிஓஇ உரிமச் சான்றின் விலை பற்றி மட்டும் இங்கே பேச வேண்டாம்.